திருநீற்றுப் பட்டை போட்ட பூச்சி

போடிநாயக்கனூரில் ஒருவனுடைய கண்ணைச் சோதிக்க வேண்டுமென்றால் அவன் உள்ளங்கையில் ஒரு பிடி ஏலக்காயைக் கொட்டுவார்கள். பச்சை போகாத காய் எது, வெளுத்துப்போன காய் எது என்று ஊர்க்கதை பேசிக்கொண்டே பிரித்துப் போடுகிறவன் பஜாரில் பிழைத்துக்கொள்வான். உற்றுப் பார்த்துப் பிரிக்கிறவன் கொஞ்சம் சிரமப்படுவான். பலவேசம் முகர்ந்து பார்த்தான்.

அவனுடைய அப்பா ராஜமணிக்கு பஜாரில் ஏலக்காய்க் கடை. பலவேசம் பள்ளிக்கூடம் முடித்த வருஷம், அப்பா ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் மதுரைக்குப் போனார். கடையைப் பையன் பார்த்துக்கொண்டான். அந்த மூன்று நாளில் அவன் மேற்பார்வையில் கட்டிய மூட்டை விருதுநகர் வரைக்கும் போய், கல்யாணம் நின்றுபோன மாப்பிள்ளை மாதிரி மாலை மரியாதை இல்லாமல் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் முதல் தரப் பச்சையும் வெளுத்த காயும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

அப்பா மூட்டையைத் தரையில் கவிழ்த்து, பையனை உட்கார வைத்து, இதில் பச்சை எது என்று கேட்டார். பலவேசம் ஒரு காயை எடுத்தான். நசுக்கினான். மோந்தான். பாதி சரியாகச் சொன்னான், பாதி தப்பாகச் சொன்னான்.

"மூக்கால வியாபாரம் பண்ணப் போறியாலே?" என்றார் ராஜமணி.

கடையில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கடையில் உட்காரப் பிடிக்காமல் பையன் வேண்டுமென்றே செய்கிறான், இது திமிர், வேறொன்றும் இல்லை என்று ராஜமணி முடிவு கட்டினார். அந்த முடிவை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை.

உண்மை என்னவென்றால், பச்சை என்பதும் சிவப்பு என்பதும் எல்லாரும் ஒரு குத்துமதிப்பில் சொல்வது என்றுதான் பலவேசம் அதுவரை நினைத்திருந்தான். மற்றவர்கள் தைரியமாகச் சொல்கிறார்கள், தனக்குத் தைரியம் போதவில்லை, அவ்வளவுதான் என்பது அவன் எண்ணம்.

அவனைத் திருத்தியது அவன் மனைவி செல்வமணி. கல்யாணமான மூன்றாம் மாதம் அவளுக்குப் பச்சைச் சேலை வாங்கி வருகிறேன் என்று போய், காவி நிறத்தில் ஒரு சேலையைக் கொண்டுவந்து ஆசையாக நீட்டினான். தன்னைச் சாமியாராகப் போகச் சொல்கிறாரா என்று அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் அவன் பழுக்காத தக்காளியில் ரசம் வைத்ததும் விஷயம் விளங்கிவிட்டது. கத்தரிக்காய், மிளகாய், கனகாம்பரம் என்று வீட்டில் இருந்ததையெல்லாம் வரிசையாக வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவனுக்குப் பாடம் எடுத்தாள். இலை பச்சை. செம்பருத்தி சிவப்பு. ரத்தம் சிவப்பு. கிளி பச்சை, மூக்கு சிவப்பு. அவன் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தான். அதற்குப் பிறகு வெளியில் யாரும் அவனைப் பிடித்துவிட முடியவில்லை. வாய்ப்பாட்டில் இல்லாத ஒன்றை அவன் பார்க்கும்வரை.

கடையில் தனக்கு இடமில்லை என்றானபின் பலவேசம் மலையடிவாரத்தில் குரங்கணிக்குப் போய், வனத்துறையில் தினக்கூலி வாட்சராகச் சேர்ந்தான். காடு அவனை நிறம் கேட்கவில்லை. எங்கே புகை எழுகிறது, எங்கே கோடாலி விழுகிறது, எந்தத் தடம் காட்டுமாட்டுடையது, இவ்வளவுதான் கேட்டது. அதில் அவன் கெட்டிக்காரன். ஆனால் தினக்கூலி என்பது இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இல்லாமல் போகும். வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதுதான் அவனுக்கும் செல்வமணிக்கும் இருந்த ஒரே பெரிய ஆசை.

எண்பத்தொன்றாம் வருஷம் ரேஞ்சர் அய்யாத்துரை எல்லாரையும் கூட்டி ஒரு தாளை வாசித்தார். வண்ணத்துப்பூச்சிகளில் சிலதையும் இப்போது காப்புப் பட்டியலில் சேர்த்தாயிற்று, அவற்றைப் பிடித்தாலும் விற்றாலும் குற்றம், இனி ஒவ்வொருவரும் தங்கள் பகுதியில் பார்த்த பூச்சியை நோட்டில் எழுத வேண்டும் என்றார். ஆளுக்கொரு நோட்டும் கொடுத்தார்.

"இத்தன நாளா யானைக்குப் பயந்தோம். இனிமே பூச்சியப் பார்த்தாலும் எந்திரிச்சு நிக்கணும் போல, அண்ணாச்சி" என்று பலவேசத்தின் காதில் சொன்னான் ஒச்சாண்டி. அவன் பலவேசத்தோடு வேலை பார்க்கிற இன்னொரு வாட்சர். கடைக்கார வீட்டுப் பிள்ளை என்பதால் கேலியாக அண்ணாச்சி என்றே கூப்பிடுவான்.

ஒச்சாண்டியின் நோட்டில் தினமும் ஒரே வரிதான் இருந்தது. "பூச்சி வந்தது. போனது." ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் "வரவில்லை" என்று எழுதியிருந்தான். அன்றைக்கு அவனும் வருவதில்லை.

பலவேசம் அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டபிறகு எதையாவது எழுத மாட்டோமா என்று கையரித்துக் கிடந்தவன் அவன். வாட்சர் குடிசைக்குக் கீழே ஓடை ஒன்று ஓடியது. அதன் கரையில் ஈரமணல். வெயில் ஏறினதும் பூச்சிகள் அங்கே வந்து உப்பு உறிஞ்சும். அதில் ஒன்று அவனைக் கட்டிப்போட்டது. அதைப் பற்றி அவன் எழுதினது இப்படி:

"காலை பத்தேகால். உள்ளங்கை அகலம் இருக்கும். உடம்பும் இறக்கையும் நல்ல கறுப்பு, வெல்வெட்டுத் துணி மாதிரி. முன்னிறக்கையில் தொடங்கிப் பின்னிறக்கை வரைக்கும் அகலமாக ஒரே பட்டை, திருநீறு பூசினது மாதிரி. இரண்டு பக்கமும் இறக்கையை விரித்தால் பட்டை சேர்ந்து கொள்கிறது. பின்னிறக்கையில் வால் உண்டு, நுனி அகன்று கரண்டி மாதிரி. பறந்தால் மர உச்சிக்குப் போய்விடும், கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. மணலில் உட்கார்ந்தால் மட்டும் பரம சாது. முன்னிறக்கை நடுங்கிக்கொண்டே இருக்கும். முள்ளிலம் மரத்தைச் சுற்றி நிறைய நேரம் வருகிறது."

முள்ளிலம் என்பது உடம்பெல்லாம் முள் வைத்த ஒரு மரம். மலையாளத்துக்காரர்கள் வைத்த பெயர்தான் அங்கே எல்லாருக்கும் வழக்கம்.

மூன்று மாதத்தில் அந்தப் பூச்சியைப் பற்றி மட்டும் முப்பது பக்கம் சேர்ந்தது. எல்லாப் பக்கத்திலும் திருநீற்றுப் பட்டை.

அய்யாத்துரை நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்த அன்று அவருக்குத் தூக்கம் போய்விட்டது. அவரிடம் பூச்சிப் புத்தகம் ஒன்று இருந்தது. கறுப்பு இறக்கை, கரண்டி வால், முள் மரம், ஓடை மணல் என்று எல்லாம் ஒரு படத்தோடு ஒத்துப்போனது. அது காப்புப் பட்டியலில் உள்ள மயில் அழகி என்று சொல்லத்தக்க ஒரு மலைப்பூச்சி. ஆனால் அதற்குப் பட்டை பச்சை. சாம்பல் பட்டை போட்ட ஒன்று புத்தகம் முழுக்கத் தேடியும் இல்லை. அப்படியானால் இது யாரும் பார்க்காத புது இனம். புது இனத்துக்குக் கண்டுபிடித்தவர் பெயரை லத்தீனில் வைப்பார்கள் என்று அவர் எங்கோ படித்திருந்தார். மனிதர் நல்லவர். ஆனாலும் அன்று ஒரு தாளில் தன் பெயரை லத்தீன் மாதிரி வளைத்து வளைத்து ஏழெட்டுத் தடவை எழுதிப் பார்த்தார்.

மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற சாராள் என்ற பேராசிரியைக்குக் கடிதம் போனது. தேனி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் அவர். கார்த்திகை இரண்டாவது சனிக்கிழமை வருவதாகவும், நோட்டு எழுதின வாட்சரைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றும் பதில் எழுதியிருந்தார்.

அய்யாத்துரை பலவேசத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். நிரந்தர வேலைக்கு ஒரே ஓர் இடம் வந்திருப்பதாகவும், அதற்கு இவன் பெயரைத்தான் எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னார்.

"அந்தம்மா கண்ணுல பூச்சியக் காட்டிரு. மறுநாளே உன் பேரு மேல போகும்" என்றார்.

பலவேசம் குடிசைக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தான். செல்வமணி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பூச்சிங்க? நம்ம ஓடையில, கரண்டி வால் வச்சுக்கிட்டு வருமே, அதா?"

"அதேதான். திருநீத்துப் பட்டை."

செல்வமணி அடுப்பை விட்டு அவன் பக்கம் திரும்பினாள். "அது பச்சைங்க" என்றாள்.

அவன் மணைக்கட்டையில் உட்கார்ந்துவிட்டான். "எம்புட்டுப் பச்சை?" என்று கேட்டான்.

"மயில் கழுத்து மாதிரி. ஒரு பக்கம் பார்த்தா பச்சை, சாஞ்சு பார்த்தா நீலம். தகதகன்னு இருக்கும்."

வாய்ப்பாட்டில் இலை இருந்தது, கிளி இருந்தது. ஓடைப் பூச்சி இல்லை. அதனால் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே எழுதிவிட்டான். அவன் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் தைரியமாக எழுதின ஒரே நிறம் அதுதான்.

போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றாள் செல்வமணி. சொன்னால் கண் சரியில்லாதவனுக்குக் காட்டில் என்ன வேலை என்று கேட்பார்கள், ஏலக்காய்க் கடை மாதிரி இதுவும் போய்விடும் என்றான் அவன். குச்சனூர் சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டான். வருகிற நாளும் சனிக்கிழமையாக இருப்பது நல்லதற்கா கெட்டதற்கா என்று மட்டும் அவனுக்கு விளங்கவில்லை.

கடைசியில் ஒரு யோசனை பண்ணினான். பூச்சி வந்தால்தானே நிறம்? வராவிட்டால், பருவம் முடிந்துவிட்டது என்று சொல்லி அந்த அம்மாவை அனுப்பிவிடலாம். நோட்டை வைத்தே பெயரும் மேலே போகும்.

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ஓடைக்கு இறங்கினான். ஈரமணலில் இருக்கிற உப்பெல்லாம் போகட்டும் என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். மேலே சருகைப் பரப்பினான். அதுவும் போதாதென்று தன் பழைய காக்கிச் சட்டையை ஒரு குச்சியில் மாட்டி மணலின் நடுவில் நட்டு வைத்தான். காட்டுப்பன்றிக்குச் சோளக்கொல்லைப் பொம்மை வைப்பார்கள். வண்ணத்துப்பூச்சிக்குப் பொம்மை வைத்தது பலவேசம் ஒருவன்தான். வைத்துவிட்டு, ஜீப்பை எதிர்கொள்ள ரோட்டுக்குப் போனான்.

ஜீப் பத்து மணிக்கு வந்தது. சாராள் அம்மா கேன்வாஸ் செருப்பும், தோளில் ஒரு பையும், தலையில் ஓலைத்தொப்பியுமாக இறங்கினார். அய்யாத்துரை கொடுத்த பலவேசத்தின் நோட்டை ஜீப்பிலேயே வாசித்துப் பையில் வைத்திருந்தார். அய்யாத்துரை புதுச் சட்டை போட்டிருந்தார். ஒச்சாண்டி பின்னால் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். பருவம் முடிஞ்சு போச்சும்மா, மழை வேற, வருமான்னு தெரியல என்று பலவேசம் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தான். போன வாரம் எழுதின பக்கத்தில் தினமும் ஏழு, எட்டு என்று இருக்கிறதே என்று அந்த அம்மா கேட்டபோது அவன் முன்னால் ஓடி வழியில் கிடந்த முள்ளை ஒதுக்கினான்.

ஓடைத் திருப்பம் வந்தது. பலவேசத்தின் கால் நின்றுவிட்டது.

மணலில் இடமே இல்லை. முப்பது, நாற்பது பூச்சி இருக்கும். கரண்டி வால்கள் வரிசையாக, பந்தியில் உட்கார்ந்த கூட்டம் மாதிரி மணலில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. நாலைந்து அவனுடைய காக்கிச் சட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தன. பாறை ஓரத்தில் செல்வமணி ஒரு சட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் கருவாட்டு வாடை அடித்தது. விருந்தாளிக்குக் குழம்பு வைப்பதற்காக அவள் சருகை ஒதுக்கிவிட்டு, கருவாட்டை ஓடை மணலில் வைத்து மூன்று தண்ணீர் கழுவி ஊற்றியிருந்தாள். உப்புக்கு அலைகிற பூச்சிக்கு அதைவிடக் கல்யாணச் சாப்பாடு கிடையாது.

"கருவாட்டுத் தண்ணிய வேற எங்கன ஊத்தச் சொல்றீக?" என்பது போல அவள் அவனைப் பார்த்தாள். அவள் பார்வையில் குற்ற உணர்வும் இல்லை, பயமும் இல்லை.

சாராள் அம்மா சத்தமில்லாமல் மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். வெயில் ஒரு நொடி மேகத்தில் மறைந்து, திரும்ப வந்தது. மற்றவர்கள் கண்ணுக்கு அந்த மணல் முழுக்கப் பச்சையும் நீலமுமாகப் பற்றிக்கொண்டது. ஒச்சாண்டிகூடத் தண்ணீர்க் கேனைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"இதெல்லாம் பச்சைப் பட்டைதான்" என்றார் அய்யாத்துரை கடைசியில். "நீ சொன்ன சாம்பல் பட்டை எங்கலே?"

இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடலாம். பருவம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மூன்று மாதம் உட்கார்ந்து பார்த்த பூச்சி. காலடியில் நாற்பதாக உட்கார்ந்திருக்கும்போது அதை இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"இதுதாம்மா அது" என்றான். "எனக்கு இது திருநீறாத்தான் தெரியுது. பச்சைங்கறது எம்பொண்டாட்டி சொல்லித்தான் தெரியும்."

அய்யாத்துரையின் முகத்தில் லத்தீன் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

"அப்ப நான் போன மாசம் சிவப்புத் துண்டுன்னு உங்ககிட்ட வித்தது?" என்று ஒச்சாண்டி தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அது என்ன நிறம்?"

"அத விடுங்க அண்ணாச்சி."

கண் சரியில்லாத ஆளை வைத்துக்கொண்டு புது இனம் என்று தான் மேலிடம் வரைக்கும் சொல்லிவிட்டதாகவும், இந்தப் பெயரை இனி எப்படி அனுப்புவது என்றும் அய்யாத்துரை தலையைப் பிடித்துக்கொண்டார். சாராள் அம்மா கோபப்படவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினார். தேனிக் கடையில் தன் சித்தப்பாவும் இப்படித்தான் அரக்குச் சேலையைப் பச்சை என்று விற்றுச் சண்டை வாங்கினார் என்றும், இது பிறவியில் வருவது, அநேகமாக அம்மா வழியில் வருவது என்றும் சொன்னார். பிறகு பலவேசத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நாலு வருஷமாக இந்த மலையில் இதன் கூட்டுப்புழுவைத் தேடுகிறேன், முள்ளிலம் மரத்தில்தான் கட்டும் என்று தெரியும், ஒன்றுகூட அகப்படவில்லை, நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா என்று.

பலவேசம் குழம்பிப்போனான். "அதான் அங்கன நாலு தொங்குதேம்மா" என்று கையைக் காட்டினான்.

பத்தடி தூரத்தில் முள்ளிலம் மரம் இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். இலைதான் இருந்தது. இலைக்குப் பின்னாலும் இலைதான் இருந்தது. அய்யாத்துரை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பலவேசம் ஒரு குச்சியை எடுத்துப்போய் ஒவ்வொன்றாகத் தொடாமல் தொட்டுக் காட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. இலைப் பச்சையில், இலை நரம்பு மாதிரிக் கோடு போட்டு, இடுப்பில் மெல்லிய நூல் ஒன்று கட்டி ஒட்டிக்கொண்டிருந்தன. மூக்கு படும் அளவு கிட்டே போனபிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

"எப்படிய்யா கண்டுபிடிச்சே?" என்றார் அய்யாத்துரை.

"கண்டுபிடிக்க என்னங்கய்யா இருக்கு? இலை சொரசொரன்னு இருக்கு, இது மொழுமொழுன்னு இருக்கு. நீங்கள்லாம் ஏன் பார்க்க மாட்டேங்கிறீகன்னுதான் எனக்கு விளங்கல."

பச்சைக்குள் ஒளிந்துகொண்டால் பச்சை தெரிகிறவர்களை ஏமாற்றலாம். பலவேசத்தை எப்படி ஏமாற்றுவது? சாராள் அம்மா சிரித்துக்கொண்டே அன்று மத்தியானத்துக்குள் பதினோரு கூடு எழுதிக்கொண்டார். எல்லாம் பலவேசம் காட்டினவை. அய்யாத்துரை ஒன்று கண்டுபிடித்தார். அது இலை.

சாப்பாட்டின்போது கருவாட்டுக் குழம்பை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு, இவரை இந்த ஓடையை விட்டு மாற்றிவிடாதீர்கள் என்று அந்த அம்மா ரேஞ்சரிடம் சொன்னார். தன் பெயரில் ஒரு பூச்சி போன துக்கத்தை அய்யாத்துரை அப்பளத்தோடு சேர்த்து நொறுக்கி முடித்திருந்தார். அனுப்ப வேண்டிய தாளில் கண் பார்வைக்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதில் "மற்றவர் காணாததையும் காண்பார்" என்று எழுதினார். அது பொய்யில்லை. நோட்டில் நிறம் என்ற கட்டத்தை இனி செல்வமணிதான் நிரப்ப வேண்டும் என்று வாய்மொழி உத்தரவும் போட்டார்.

ஜீப் ஏறப் போகும்போது, வேறு ஏதாவது வேண்டுமா என்று சாராள் அம்மா கேட்டார். பலவேசம் தலையைச் சொறிந்தான்.

"எங்கப்பாவுக்கு ஒரு கடுதாசி எழுதித் தருவீகளாம்மா? திமிர் இல்லன்னு மட்டும் எழுதுனாப் போதும்."

வேலை உத்தரவு சித்திரையில்தான் வந்தது. கடிதம் அதற்கு முன்னாலேயே போடிக்குப் போய்விட்டது. ராஜமணி அதைக் கடையில் வைத்து மூன்று தடவை வாசித்தார் என்றும், அம்மா வழியில் வருவது என்ற இடத்தை மட்டும் பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் உரக்க வாசித்துக் காட்டினார் என்றும் போடிக்குப் போய்வந்த ஒச்சாண்டி சொன்னான். தன் வம்சத்துக் கண்ணில் பழுதில்லை என்று ஆனதில் அவருக்கு அவ்வளவு நிம்மதி. மற்றபடி மகனுக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஒரு வாரம் கழித்து பஸ் டிரைவரிடம் ஒரு சின்னத் துணிப்பை வந்தது. உள்ளே ஏலக்காய். அதோடு ஒரு துண்டுத் தாள். அப்பாவின் கையெழுத்தில் இரண்டே சொல்: "இது பச்சை."

செல்வமணி எட்டிப் பார்த்து, ஆமாங்க என்றாள். பலவேசம் ஒரு காயை எடுத்து நசுக்கினான். மூக்கருகே கொண்டுபோனான். பிறகு அவனும் ஆமாம் என்று தலையாட்டினான்.